கஞ்சிக்கு முன்னால் ஒரு பஞ்சுக்குச்சி

என் உயிருக்கு இனிய லாத்தா,

நீ இல்லாமல் வருகிற இரண்டாவது நோன்பு மாதம் இது. உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

உனக்கு ரத்தப் புற்றுநோய் என்றதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய் நின்றேனே, நினைவிருக்கிறதா? கூடப்பிறந்தவனின் எலும்பு மஜ்ஜை பொருந்தாமலா போகும்? பொருந்தவில்லை. கொடையாளர் பதிவேட்டிலும் யாரும் கிடைக்கவில்லை.

நீதான் எங்களுக்கு விளக்கினாய். "காலங்காலமா இந்தக் கரைக்குள்ளயே பொண்ணு குடுத்து எடுத்த கூட்டம் நாம. நம்ம அணுவுக்கு ஒத்த ஆளு கோட்டைப்பட்டினத்துலதான் இருக்கணும். இங்கிட்டு ஒருத்தரும் பதியலைன்னா டாக்டர் எங்க போய்த் தேடுவாரு?"

மொட்டைத் தலைமேல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நீயே ஊரில் கொடையாளர் பதிவு முகாமுக்கு ஏற்பாடு செய்தாய். அவசரத்தில் நோன்பு மாதத்துப் பகலில் வைத்துவிட்டோம். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுக்க வேண்டும் என்றதும், நோன்பு முறிந்துவிடுமோ என்று வந்த படகுக்காரர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்தது. நீ சிரித்தாய்.

"சாயங்காலம் வாங்க. தண்ணி குடிச்சு நோன்பத் தொறங்க, அப்படியே வாயையும் தொறங்க. அதுக்கப்பறந்தான் கஞ்சி!"

சொன்னபடியே கஞ்சி வாளிக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தாய். ஊரே வரிசையில் நின்று ஆ காட்டியது, நானும்தான். அந்தத் தெம்பு உனக்கு எங்கிருந்து வந்தது? உனக்கான ஆள் அந்த வரிசையிலும் இல்லை என்று தெரிந்த அன்றுகூட, "இருக்கட்டும்டா, வேற யாருக்காச்சும் ஆகும்" என்றாய். உன்னைப் போல் ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

இப்போது ஆகியிருக்கிறது. அதுவும் என்னுடையது. யாரோ ஒரு நோயாளிக்குப் பொருந்துகிறதாம், மறுபடியும் சோதித்து உறுதி சொல்லிவிட்டார்கள். பேரும் ஊரும் சொல்ல மாட்டார்களாம். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்கு ஆகாதது யாருக்கு ஆனால் எனக்கென்ன?

உம்மாதான் பேசினாள். "அந்தப் புள்ளைக்கும் ஒரு உம்மா இருப்பால்ல? போயிட்டு வாடா."

பெருநாளுக்கு மறுநாள் சென்னைக்குப் போகிறேன். ஊசியைக் கண்டால் ஓடுகிறவன் என்று நீ கேலி செய்வாய். எங்கோ ஒரு வீட்டில், பொருந்தவில்லை என்று கேட்டுவிட்டு, மடித்த சட்டைக் கையை இறக்கிவிடத் தெரியாமல் ஒரு தம்பி நின்றுகொண்டிருப்பான். அவனை நினைத்துக்கொள்வேன். இந்த முறையும் ஓட மாட்டேன், லாத்தா.

உனக்குப் பொருந்தாமல் போன,
உன் கூடப்பிறந்த தம்பி