தூத்துக்குடி என்று சொன்னவர்கள்

இஞ்சருங்கோ,

முகாமில் எல்லோரும் சுகமோ? எனக்குக் கம்பெனி கேன்டீனில் சோறு வடிக்கிற வேலையும், மண்ணூரில் ஓர் அறையும் கிடைத்துவிட்டன. அகதி என்றால் வேலை தருவார்கள், வீடு தரமாட்டார்கள். அதனால் சொந்த ஊர் தூத்துக்குடி என்று அளந்துவிட்டேன். ஆனால் என் வாய்க்குப் பொய் பழகவில்லை. 'ஆமா' என்று சொல்லப் போனால் நம்மூர் 'ஓம்' என்றே விழுகிறது.

"சர்ச்சுக்குப் போற பொம்பள, இன்னாத்துக்கு ஓம் ஓம்ன்னு மந்திரம் சொல்லிகினு கீற?" என்றார் வீட்டுக்கார அன்னபுஷ்பம் அம்மா. தொண்டைக் கமறல் என்றேன்.

நேற்று எனக்கு லீவு. மத்தியானம், மற்ற அறைக்காரர்கள் எல்லோரும் ஷிப்டுக்குப் போன பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன், பூட்டியிருந்த பக்கத்து அறையிலிருந்து ஓர் ஆண்குரல் "ஓம்" என்றது.

அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அமலன்னு ஒரு பையன் இருந்தான். காய்ச்சல்ல செத்துட்டான். தூத்துக்குடின்னு சொல்லியிருந்தான். அங்க போய் விசாரிச்சா அப்படி ஆளே இல்லன்னுட்டாங்க. அவனும் உன்ன மாதிரி ஓம்னுதான் சொல்லுவான். நீயும் அவன் நெஜ ஊருதான்னு எனக்குத் தெரியும். உங்க பேச்சுல கேளு, இன்னா வேணுமாம்? அவன் போய்ட்டான்னா அந்தப் பெரிய ரூமுக்கு உன் வூட்டுக்காரரைக் கூட்டியாந்துடு."

கதவோரம் நின்று, "தம்பி, என்ன வேணும்?" என்றேன்.

"அக்கா, நீங்கள் எவடம்?"

பழக்கதோஷம், தூத்துக்குடி என்றுவிட்டேன். உள்ளே ஒரு விம்மல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

அவன் போய்விட்டான் என்று அம்மா நினைத்துக்கொண்டார்; அறை நமக்குத்தானாம். வாருங்கள். உள்ளே காலை வைக்குமுன், 'நான் நம்மட பேசாலையில் பிறந்தவன்' என்று மட்டும் அவனுக்குக் கேட்க உரக்கச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வாயாடி