அப்பா கூப்பிட்ட பெயர்

ஸஹ்லே
8 பிப்ரவரி 1998

அன்புள்ள வதாத் அக்கா,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் மான்ட்ரியல் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கேயும் மலை முழுக்க வெள்ளைதான். கணப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டு, கை சூடானபிறகு எழுத உட்கார்ந்தேன்.

"முதியோர் இல்லத்தில் அப்பாவை ஒழுங்காகக் கவனிக்கிறார்களா, மறைக்காமல் சொல்" என்று கேட்டிருந்தாய். முதல் மூன்று மாதம் கவனிக்கவில்லை. உன் மனம் நோகும் என்றுதான் எழுதவில்லை. பதினோரு ஆண்களுக்கு ஒரே பணியாள். பருப்பு சூப் ஆறிப்போய் ஆடை கட்டி வரும். ஒரு நாள் போனால் அப்பா பக்கத்துக் கட்டில்காரரின் ஸ்வெட்டரில் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய பல்செட் இன்னொருவர் வாயில் இருக்கிறது. நான் சத்தம் போட்டால் நிர்வாகி ஓடெத் அம்மா காபி கொடுத்து உட்காரவைப்பாள். "எல்லாம் சரியாயிடும், ஹியாம்" என்பாள். ஒன்றும் சரியாகாது.

எனக்கு வேறு வழி இருந்ததா, சொல். இடுப்பு உடைந்த மனிதரை நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்? பள்ளிக்கூட வேலையை விட்டால் என்ன செய்வேன்? இதை நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிக்கொள்கிறேன்.

ஜனவரியில் நவால் என்று ஒரு விதவை வேலைக்குச் சேர்ந்தாள். முப்பதுகூட ஆகாதவள், கீழே சமவெளிக் கிராமத்துக்காரி. அவள் வந்தபிறகு சூப் சூடாக வருகிறது. அப்பாவுக்குத் தினமும் முகம் மழிக்கிறாள். ரயாக் ரயில் பட்டறையில் நாற்பது வருடம் இன்ஜினோடு மல்லுக்கட்டியவர் யாரையும் தன் கன்னத்தில் கத்தி வைக்க விட்டதில்லையே? இவளிடம் தாடையைத் தூக்கிக் காட்டுகிறார்.

உனக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று. அப்பா அவளை வதாத் என்று கூப்பிடுகிறார். அவளும் "ஏன், அப்பா?" என்று வருகிறாள். என்னை அவளிடம் காட்டி, "இந்தம்மா யாரு? தினம் வந்து உட்காருதே" என்று கேட்டார்.

சிரித்துக்கொள்.

உன் தங்கை
ஹியாம்


மான்ட்ரியல்
27 பிப்ரவரி 1998

என் செல்லத் தங்கை ஹியாமுக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். அழுதுவிட்டேன். உன் அத்தான் பயந்துபோய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடிவந்தார். "ஒண்ணுமில்லை, அப்பா என்னைக் கூப்பிடறாராம்" என்றேன்.

இருபத்திரண்டு வருடம் ஆயிற்று, ஹியாம். இரண்டே தடவைதான் வந்து போனேன். என்னை மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். அந்த நவாலுக்கு என் சார்பில் முத்தம் கொடு. அவளுக்கு ஒரு கம்பளி மேலாடை அனுப்புகிறேன், நல்ல ஊதா நிறம். அளவு தெரியாது, உன் உடம்பை மனதில் வைத்து எடுத்தேன். உனக்கு அடுத்த முறை.

ஒரு வார்த்தை, கோபப்படாதே. உன் கடிதத்தில் ஒரு புளிப்பு இருக்கிறது. அவர் உன்னை அடையாளம் தெரியாமல் பேசினால் அது நோய். மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ தினமும் அவர் முகத்தைப் பார்க்கிறாய். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முத்தங்களுடன்
உன் அக்கா வதாத்


ஸஹ்லே
22 மார்ச் 1998

அன்புள்ள அக்கா,

மேலாடை வந்தது, கொடுத்துவிட்டேன். அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் சுற்றிக் காட்டினாள். அப்பா கைதட்டினார்.

புளிப்பு என்று எழுதியிருந்தாய். சரி, இதையும் கேள். போன ஞாயிறு விடியற்காலையிலேயே எழுந்து தயிரில் கிப்பே கறியுருண்டை சமைத்தேன். அம்மா செய்வது போலவே, காய்ந்த புதினா தூவி. பாத்திரத்தைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் போனேன். அப்பா ஒரு வாய் வாங்கித் துப்பினார். "விஷம் வைக்கிறியா?" என்றார். நவால் என் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். "வதாத் சமைச்சது, அப்பா. ஆ காட்டுங்க" என்றாள். பாத்திரம் காலியாகும்வரை சாப்பிட்டார்.

வதாத் சமைத்ததாம்!

அப்புறம் அவள் கன்னத்தைத் தடவி, தனக்குப் பின்னும் நாம் இருக்க வேண்டும் என்று நம்மை மடியில் வைத்துக் கொஞ்சும்போது சொல்வாரே, "என்னைப் புதைக்கப் பிறந்தவளே" என்று, அதையே சொன்னார். அக்கா, அந்த வார்த்தையை என்னிடம் கடைசியாக எப்போது சொன்னார் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை.

இனி முக்கியமான விஷயம். மறுநாள் அப்பாவின் இடது மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது. ஊதா நிறத்தில் விரல்கள் பதிந்த தடம். ஓடெத் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். "ஞாயித்துக்கிழமை இவரைத் தூக்கி உட்காரவெச்சது யாரு? நவால்தானே?" என்று கேட்டேன். எழுத்திலும் புகார் கொடுத்தேன். அன்று சாயங்காலமே அவளை அனுப்பிவிட்டார்கள். போகும்போது வாசலில் அவள் பையைத் திறந்து கொட்டிப் பார்த்தார்கள். சீப்பும் ஒரு ஜோடி செருப்பும்தான் இருந்தன.

சிரித்த முகத்தை நம்பக் கூடாது. எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான்.

ஹியாம்


மான்ட்ரியல்
9 ஏப்ரல் 1998

ஹியாம்,

என் பெயரைச் சொல்லிக்கொண்டு என் அப்பாவை அடித்தாளா? அவளுக்கா நான் கடை கடையாக ஏறி கம்பளி தேடினேன்!

நீ செய்ததுதான் சரி. உன்னைப் புளிப்பு என்று சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. நீ கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருக்கிறாய். நானோ இங்கே உட்கார்ந்து உபதேசம் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் கூடத்தில் நம் ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் கொதித்துப்போனார்கள். ஓடெத் அம்மாவுக்கு நானே தனியாக ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். இந்தப் பெண்ணை இனி எந்த இல்லத்திலும் சேர்க்காதபடி எல்லோருக்கும் தெரிவியுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

அப்பாவின் மணிக்கட்டுக்கு ஒலிவ எண்ணெய் தடவு. நான் தடவுவதாக நினைத்துக்கொண்டு தடவு.

வதாத்


ஸஹ்லே
3 மே 1998

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இதை உட்கார்ந்து படி.

அப்பாவின் கையைக் கன்ற வைத்தது நான்தான்.

அந்த ஞாயிறு நவால் பாத்திரம் கழுவப் போனாள். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, "நான் யாரு? சொல்லுங்க. அக்கா பேரு தெரியுது, வேலைக்காரி மூஞ்சி தெரியுது. நான் யாரு?" என்று கேட்டேன். அவர் கையை இழுத்தார், நான் விடவில்லை. "வலிக்குது, அம்மா" என்றார். அப்போதும் விடவில்லை. எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று தெரியாது. மறுநாள் தடத்தைப் பார்த்தபோது பயந்தேன். பயம் கொஞ்ச நேரம்தான். உடனே இன்னொரு எண்ணம் வந்தது. அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்?

நவால் போனபிறகு நடந்ததையும் கேள். புதிதாக ஒருவன் வந்தான், ஒரு வாரத்தில் நின்றுவிட்டான். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லை. முதுகின் அடியில் புண் வந்துவிட்டது. முதலில் சிவப்புதான், பிறகு என் உள்ளங்கை அளவுக்குத் திறந்துகொண்டது. சாப்பாட்டுத் தட்டை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள், அப்படியே எடுத்துக்கொண்டும் போவார்கள். "பெரியவருக்குப் பசியில்லை" என்று புத்தகத்தில் எழுதுவார்கள். மெலிந்து கன்னம் ஒட்டிவிட்டது. நாள் முழுக்க "வதாத், வதாத்" என்று கதவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

ஒரு நாள் தாங்க முடியாமல், "நான்தான் வதாத், அப்பா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொய் சொல்லாதே. நீ ஹியாம். வதாத் எங்கே?" என்றார்.

மாதக்கணக்கில் நான் கேட்டு ஏங்கிய பெயர், அக்கா. அப்படி வந்தது.

மறுநாள் ஓடெத் அம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவள் காபி கொடுக்கவில்லை. உன் கடிதத்தை மேசையில் எடுத்துப் போட்டாள். "இதை நாலு இடத்துக்குச் சொல்லி அனுப்பிட்டேனே, ஹியாம்" என்றாள். அந்த நாலு இடத்துக்கும் நானே எழுதினேன், என் கையெழுத்துப் போட்டு.

பிறகு நவாலின் வீட்டுக்குப் போனேன். உருளைக்கிழங்கு வயலில் வேலைக்குப் போய் வந்திருந்தாள், கையெல்லாம் மண். உட்காரச் சொல்லவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலே?"

"யாரு நம்புவாங்க? நீங்க மக. நான் சம்பளத்துக்கு வந்தவ."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "பொறாமைப்பட என்னம்மா இருந்துச்சு? அவர் என்னையா கூப்பிட்டாரு? ஒங்க அக்காவைக் கூப்பிட்டாரு. மனுஷன் கூப்பிடறப்ப யாராச்சும் ஏன்னு கேக்கணும்ல, அதான் கேட்டேன்" என்றாள். பிறகு, "புண்ணு எங்கே வந்திருக்கு? வலதுபக்கம் சாய்ச்சா இடுப்பு வலிக்கும், கத்துவாரு. கத்துறாரேன்னு விட்டுட்டிருப்பாங்க" என்றாள். பார்க்காமலே சொன்னாள்.

ஓடெத் அம்மா அவளைத் திரும்பக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். வேலைக்கு வந்துவிட்டாள், ஆனால் பெண்கள் மாடிக்கு. அது அவளே கேட்டு வாங்கிய இடம். படிக்கட்டில் எதிரே வந்தால் என்னைப் பார்ப்பதில்லை.

பள்ளியில் சொல்லி மதியத்தோடு கிளம்பிவிடுகிறேன். சாப்பாடு ஊட்டுவதும் புரட்டிவிடுவதும் புண்ணுக்கு மருந்து வைப்பதும் நான்தான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் கூப்பிடுவது உன்னை. வா.

ஹியாம்


மான்ட்ரியல்
24 மே 1998

ஹியாம்,

ஜூன் 14 விமானம். இரண்டு வாரம் இருப்பேன்.

கோயில் கூடத்தில் நான் சொன்னதையெல்லாம் இனி எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வேன்? உன் மேல் எனக்குள்ள கோபத்தைக் காகிதத்தில் எழுத முடியவில்லை. நேரில் பேசிக்கொள்ளலாம்.

வதாத்


மான்ட்ரியல்
30 ஆகஸ்ட் 1998

அன்புள்ள ஹியாம்,

நான் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. புண் ஆறிவருகிறது என்று எழுதியிருந்தாய். கடவுளுக்கு நன்றி, உன் கைகளுக்கும்.

விமான நிலையத்தில் நீ கேட்டாய், "என்மேல இன்னும் கோபமா?" என்று. இல்லை என்றேன். அது உண்மைதான். கோபம் முதல் வாரமே போய்விட்டது, நீ அவரைப் புரட்டுவதைப் பார்த்த அன்றே. பெண்கள் மாடிக்குப் போய் நவாலிடம் என் கடிதத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். "நீங்கதான் அந்த வதாத்தா?" என்று என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "நீங்க இல்லாதப்ப ஒங்க வேலையைப் பாத்தேன், அவ்வளவுதான்" என்றாள். அந்த அடியையும் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் உன்னிடம் மறைத்தது ஒன்று உண்டு. நீயும் பார்த்தாய், இரண்டு வாரமும் அவர் என்னை யாரோ விருந்தாளியாகத்தான் நினைத்தார். அவர் தேடியது இருபத்து நான்கு வயதுப் பெண்ணை. நரைத்த தலையோடு நான் போய் நின்றால் எப்படித் தெரியும்? "பரவாயில்லை, நோய்தானே" என்று உன்னிடம் சொன்னேன். உனக்கு உபதேசம் செய்தவள் அல்லவா!

கிளம்புவதற்கு முந்தின நாள் நீ பள்ளியிலிருந்து வர அரைமணி நேரம் தாமதமானது, நினைவிருக்கிறதா? நான் மட்டும் அவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாதாமி ஜாம் தடவி ஒரு துண்டு ரொட்டி கொடுத்தேன், வாங்கவில்லை. கதவைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, ரயில்பெட்டியில் அடுத்த இருக்கைக்காரரிடம் பேசுவது போல என்னிடம் சொன்னார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? அது என் சின்ன மக எடம். இப்ப வந்துடுவா. கோவக்காரி, ஆனா வராம இருக்க மாட்டா."

எழுந்துவிட்டேன். வெளியே போய் மாடிப்படியில் நின்றுகொண்டேன். நீ மூச்சிரைக்க வந்து, "ஏன்க்கா இங்கே நிக்கறே?" என்றாய். மலையைப் பார்ப்பதாகச் சொன்னேன்.

இரண்டு மாதம் இதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். உனக்கு இவ்வளவு கிடைத்திருக்கிறது, இதையாவது தராமல் இருப்போமே என்று நினைத்தேன். நீ அவர் கையைப் பிடித்தபோது உன் மனம் எப்படி இருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும்.

அது நீ சம்பாதித்தது, ஹியாம். என்னிடம் இருப்பது நியாயமில்லை. எடுத்துக்கொள்.

உன் அக்கா
வதாத்