எந்த போர்டு வாங்குவது, மச்சான்?

அன்பு மச்சானுக்கு,

நீங்கள் போன இடத்தில் காற்று எப்படி என்று கேட்க மாட்டேன். இங்கே எப்படி என்று சொல்லத்தான் ஆளில்லை.

தங்கச்சிமடம் கரையில் நீங்கள் கம்பத்தில் மாட்டி வைத்த பெட்டி நின்றுவிட்டது. உப்புக் காற்றில் போர்டு பச்சை பூத்துக் கிடக்கிறது. விடிகாலையில் இணையத்திலிருந்து வானிலை அறிக்கையை எடுத்து, நீங்கள் பதிந்து வைத்த குரலில் ஒலிபெருக்கியில் சொல்லுமே, அந்தக் கையளவு கணினி போர்டு. அது இல்லாமல் நாட்டுப்படகுக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் அக்கா அடுப்பைப் பற்றவைப்பாள். இப்போது அதுவும் இல்லை.

ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவனுக்கு ஒரு போர்டு வாங்குவது பெரிய வேலையா என்பீர்கள். பெரிய வேலைதான், மச்சான். மண்டை காய்கிறது. “உள்ள என்ன ஓடுதுன்னு தெரியாத பெட்டிய நம்பி ஒரு ஆளக் கடலுக்கு விடமாட்டேன் மாப்ளே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். யாரும் திறந்து படிக்கக்கூடிய கட்டற்ற மென்பொருள் மட்டும்தான் ஓட வேண்டும், மூல நிரல் தெரியாத ஒரு துண்டுகூடக் கூடாது. நீங்கள் வாங்கிய போர்டு இப்போது வருவதில்லை. வேறு எது என்று சொன்னீர்களா?

எல்லாரும் வாங்கும் போர்டு என் கடையிலேயே இருக்கிறது. ஆனால் லினக்ஸ் எழும் முன்பே அதில் ஒரு மூடிய நிரல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னொன்று அடிவரை திறந்தது. அதன் வைஃபை மட்டும் மூடிய கோப்பு ஒன்றைக் கொடுக்காமல் வேலை செய்யாது. இணையக் குழுவில் கேட்டேன். சிப்புக்குள்ளேயே எழுதி வைத்த மூடிய நிரல் பரவாயில்லை, மெமரி கார்டிலிருந்து ஏற்றினால்தான் தப்பு என்றார் ஒருவர். இரண்டும் ஒன்றுதான் என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். நீங்கள் யார் பக்கம் நின்றிருப்பீர்கள்? எனக்கு விளங்கவில்லை.

நான் இப்போது அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். நேற்று, படகு வைத்திருக்கும் சகாயம் அண்ணன் அங்கே வந்தார். குழப்பத்தையெல்லாம் அவரிடம் கொட்டினேன்.

“ஏதாச்சும் ஒண்ண மாட்டுங்க தம்பி. கரையே ஊமையாக் கெடக்கு.”

“உள்ள என்ன ஓடுதுன்னு தெரிய வேணாமாண்ணே?”

“எங்களுக்கு எப்பத் தெரிஞ்சிச்சு? ஒங்க மச்சானத் தெரியும். அந்தாளு பொய் சொல்ல மாட்டாருன்னு தெரியும். அத நம்பித்தான் எறங்குனோம், எறங்காமயும் இருந்தோம்.”

எனக்குக் கோபம் வந்தது, உங்கள் மேல்தான். இவ்வளவு நாள் யாருக்காக அந்தப் பாடுபட்டீர்கள்? ஒருவரும் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லையே. அவர்கள் நம்பியது உங்களைத்தான் என்றால், எந்த போர்டாக இருந்தால் என்ன? அவர்கள் பார்க்கவில்லை என்பதால்தான் நீங்கள் பார்த்தீர்களோ என்று பிறகு தோன்றியது. அதுவும் சரிதானா என்று தெரியவில்லை.

கடைசியில் அடிவரை திறந்ததையே ஆர்டர் போட்டுவிட்டேன். வைஃபை வேண்டாம், ஐஸ் கம்பெனியிலிருந்து கம்பம்வரை கேபிள் இழுத்துக்கொள்கிறேன். அதிலும் எங்கேயாவது ஒரு மூடிய துண்டு இருக்குமோ என்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

போர்டு வர நாளாகும். அதனால் இன்று விடிகாலை நானே மைக்கைப் பிடித்தேன். கல்யாண வீட்டில் இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசவே கூச்சப்படுகிறவன் நான், உங்களுக்குத் தெரியும். போனில் அறிக்கையைப் பார்த்துச் சொன்னேன்: “காத்து கூடுதலா இருக்கு. இன்னைக்கு யாரும் கடலுக்குப் போகாதீக.” கரையில் நின்றவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒன்றும் கேட்காமல் வலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

என் ஒரு சொல்லை நம்பி ஒரு படகுகூட இறங்கவில்லை, மச்சான். எனக்குப் பயமாக இருக்கிறது.

போர்டு வரும்வரை தினமும் நானே வாசிக்கிறேன். வந்த பிறகு, அதற்குள் எனக்குத் தெரியாமல் ஓடுவது எது என்பதையாவது தெரிந்துகொள்ளாமல் கம்பத்தில் ஏற்ற மாட்டேன். இது சத்தியம்.

அக்காளுக்குத் தம்பி, உங்களுக்கு மாப்ளே,
முருகேசன்