கொம்பு விழுந்த இரண்டு பேர்

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையிலிருந்து தூறல். சைக்கிள் பின்சக்கரத்தில் காற்று நிற்கவில்லை. காஜா பெராங் வீட்டிலிருந்து புக்கிட் பாரு தோட்டம் வரை பாதி ஓட்டல், பாதி உருட்டல்.

எல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். முதலாளி தவுக்கே தன் ரம்புத்தான் பழத்தோட்டத்துக்குக் கம்பிவேலி அடித்து முதல் ஜோடி மானை இறக்கிய அன்றைக்கே சொன்னேன், "ஆண் பெருத்தால் சண்டை பெருக்கும், குட்டி குறையும்" என்று. அன்றைக்கு நான் வேலைக்கே சேரவில்லையாம், என் பெண்டாட்டி லெட்சுமி சொல்கிறாள். வேலியோரம் சைக்கிளில் போகும்போது சொன்னேன். அவளுக்கு என்ன தெரியும்.

இப்போது? ஆண் நாலு, பெண் ஆறு. இரண்டு வருஷமாக ஒரு குட்டி இல்லை. மரப்பட்டை எல்லாம் உரிந்து தொங்குகிறது. இன்று ஒரு பெண்மானுக்குத் தொடையில் குத்து, ஈ மொய்க்கிறது.

த. கூப்பிட்டார் (தவுக்கேயை இனி இப்படித்தான் எழுதுவேன், மை மிச்சம்). 31ஆம் தேதி மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம்; அன்று மதியம் வீட்டில் விருந்தாம். அக்கம்பக்கத்து மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருக்கும். மான் கறி.

"இரண்டு ஆண் போகட்டும், மணியம். எந்த இரண்டு என்று நீயே சொல். அடுத்த வருஷமும் குட்டி இல்லை என்றால் மந்தையை விற்றுவிட்டு வேலியைப் பிரிக்கப்போகிறேன்."

அதாவது, தப்பான ஆணை வெட்டினால் மந்தை முடிந்தது. எனக்கும் பாக் டின்னுக்கும் வேலையும் முடிந்தது. பாக் டின் என்னோடு மான் பார்க்கிற மலாய்க்காரப் பெரியவர். எனக்கு முன்னாலிருந்தே இருக்கிறார்.

கவலை வேண்டாம் என்றேன். ஊரில் ஜமீன் மான் தோட்டத்தில் ஏழு வருஷம் இருந்தவன், வேலை கேட்டு வந்த அன்றே த.விடம் சொல்லியிருக்கிறேன்.

வாங்க: சீயக்காய், பம்புக்கு ரப்பர், லெ.வுக்குக் கருப்பு நூல்.

ஆகஸ்ட் 14, புதன்

வெயில். பட்டியல் போட்டேன். நாலு பேரையும் கொம்பை வைத்தே பிரித்துவிட்டேன். மாட்டுக்குச் சுழி, மானுக்குக் கொம்பு. வேறு என்ன வேண்டும்.

பெரியவன்: இடது கொம்பு நுனி உடைசல். கிழடு. தானும் சேரமாட்டான், மற்றவனையும் பெண்மான் பக்கம் விடமாட்டான். வெட்டு.

மானிஸ்: இரு பக்கமும் மும்மூன்று கிளை, அளவெடுத்த மாதிரி. நல்ல வயசு. இனிமேல் பிறக்கிற குட்டிக்கெல்லாம் இவன்தான் தகப்பன். கை வைக்கக்கூடாது.

கோணலன்: வலது கொம்பு காதுப் பக்கம் வளைகிறது. ஒல்லி. வெட்டு.

குச்சி: கிளையே இல்லை. சின்னப் பயல். இருக்கட்டும்.

மானிஸ், அதாவது இனிப்பு. பாக் டின் வைத்த பேர். தாய் செத்த குட்டியை டின் பால் கரைத்து ஊட்டி வளர்த்தாராம். அந்தக் காலி டின்னை இன்னும் வேலி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். சாயங்காலம் கரண்டியால் டங் டங் என்று தட்டுவார். மானைக் கூப்பிடுகிறாராம். நான் அதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். சர்க்கஸ் வித்தையெல்லாம் எனக்கு எதற்கு? என் கண் பார்வை போதும்.

பட்டியலை வாசித்துக் காட்டினேன். பாக் டின் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"கொம்பைப் பார்க்காதே, மணியம். மூஞ்சியைப் பார்."

மூஞ்சி! மானுக்கு மான் மூஞ்சி வேறேயா. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆளுக்கு ஒரு யோசனை. முடிவெட்டுகிறவர் சொல்கிறார், சின்னதை வெட்டு, கறி இளசு. அடுத்த வீட்டுக்காரர் சொல்கிறார், பெருசை வெட்டு, கறி அதிகம். த.வின் சம்சாரம் எல்லாரையும் மிஞ்சிவிட்டார். ஹாலில் மாட்ட அழகான கொம்பு வேண்டுமாம், ஆகையால் மானிஸை வெட்டு!

"அம்மா, கொம்பு சுவருக்கு. மான் மந்தைக்கு. நல்லதை வெட்டிக் கெட்டதை வைத்துக்கொண்டால் நாளைக்குச் சுவரில் மாட்டக்கூட ஒன்றும் மிஞ்சாது" என்றேன். இவ்வளவு அழகாக மலாயில் வரவில்லை. ஆனால் கருத்து அதுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

பாக் டின் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் போல. வந்து என் தோளைத் தட்டினார். முதல் தடவை.

ஆகஸ்ட் 19, திங்கள்

பாக் டின் மூவார் புறப்பட்டுவிட்டார். மகளுக்குப் பிரசவ நேரம். திரும்ப செப்டம்பர் இரண்டு ஆகும். பஸ் நிற்கிற இடம் வரை அவர் மூட்டையை நான்தான் சைக்கிளில் வைத்துத் தள்ளினேன்.

"சந்தேகம் வந்தால் வெட்டாதே. எனக்காகக் காத்திரு."

"சந்தேகமா? எனக்கா?"

"மானிஸ் என் கையில் பால் குடித்தவன்."

"உங்கள் பிள்ளை என் பிள்ளை, பாக்."

இதைவிட ஒரு மனுஷன் என்ன சொல்வது? பஸ் ஜன்னலிலும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போகிறார். நம்பிக்கை கெட்ட உலகம்.

ஆகஸ்ட் 21, புதன்

மழை. அதிர்ச்சி. பெரியவனுடைய உடைந்த கொம்பு புல்லில் கிடக்கிறது! இன்னொன்று சேற்றுக் குழியோரம். தலையில் இரண்டு சிவப்பு வட்டம். எவனோ அறுத்துவிட்டான் என்று வேலியை முழுக்கச் சுற்றினேன். கம்பி ஒன்றும் அறுபடவில்லை. த. மாடியிலிருந்து பார்த்து, "கொம்பு போட்டுவிட்டானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பல் விளக்கிவிட்டானா என்கிற மாதிரி.

வீட்டில் சொன்னால் லெ. அடுப்பை விட்டு எழுந்து வந்து சிரிக்கிறாள்.

"ஏங்க, மானுக்குக் கொம்பு விழுந்து விழுந்து முளைக்கும். இது தெரியாதா? ஜமீன்ல ஏழு வருஷம் எதைப் பாத்தீங்க?"

"ஜமீன் மான் வேற ஜாதி."

"ஜாசின் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி வீட்டு ஆடு மேச்சீங்களே, அந்த ஜாதியா? ஆட்டுக்கு விழாதுதான்."

குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். உப்பு இருந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

யோசித்தால் நல்லதுதான். கொம்பில்லாதவன் பெரியவன். இதைவிடச் சுலபமான அடையாளம் உண்டா? பட்டியலில் அடித்துத் திருத்தினேன். விழும் என்று எனக்கு முன்பே தெரியும், உன்னைச் சோதித்தேன் என்று லெ.விடம் சொன்னேன். "சரிங்க" என்றாள். அந்த 'சரிங்க' பிடிக்கவில்லை.

தலை கனம். தும்மல்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. நூற்று ஐந்து டிகிரி காய்ச்சல். லெ. நெற்றியில் கை வைத்துப் பார்த்து ஜலதோஷம் என்கிறாள். இன்று போனால், கொம்பில்லாமல் இரண்டு பேர்.

இரண்டு. மறுபடி எண்ணினேன். குச்சி அவன் குச்சியோடு இருக்கிறான். கோணலன் கோணலோடு இருக்கிறான். மானிஸுடைய கொம்பைக் கிணற்றடியில் கண்டெடுத்து த.வின் சம்சாரம் துடைத்துக்கொண்டிருக்கிறார், ஆனந்தமாக. வெட்டாமலே கிடைத்துவிட்டதே.

இரண்டு மொட்டைத் தலையும் சேற்றில் புரண்டு கழுத்து மயிரெல்லாம் களிமண். ஒரே உயரம். ஒரே நடை. ஒருவன் கிழவன், ஒருவன் மாப்பிள்ளை. எவன் எவன்?

ஒரு மணி நேரம் வேலிக்கு வெளியே நின்று மூஞ்சியைப் பார்த்தேன். அதுகளும் என்னைப் பார்த்தன. மூஞ்சி வேறு வேறுதான். எது யாருடையது என்று சொல்கிற ஆள் மூவாரில் இருக்கிறார்.

த. வந்தார். "முடிவு பண்ணிவிட்டாயா?"

"எப்போதோ. பல் பார்த்து உறுதி செய்வதுதான் பாக்கி. தேய்ந்த பல் கிழவன்."

"பல்லா! கெட்டிக்காரன் நீ."

சொன்ன பிறகு எனக்கே நல்ல யோசனையாகத்தான் பட்டது. வாயைத் திறக்கப் போவது யார்?

ஆகஸ்ட் 29, வியாழன்

த.விடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், ஒரு மான் போதும், மிச்சத்துக்குக் கோழி போடலாமே என்று. "இரண்டு என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஏன், சந்தேகமா?" இல்லை என்றேன். அந்த இடத்தில் ஆம் என்று சொல்ல ஒரு வினாடிதான் ஆகியிருக்கும்.

கோணலன் வலையில் விழுந்தான். மற்ற இரண்டும் வலையைக் கண்டாலே வேலி மூலைக்கு ஓட்டம்.

அறுக்க வருகிறவர் காதர் பாய், மார்க்கெட்டில் கறிக்கடை. "மணியண்ணே, நாளைக்கு வெள்ளிக்கிழமை. நான் ஜும்மாவுக்குப் போகணும். பத்தரைக்கு வருவேன், கட்டி வச்சிருங்க. மானைத் துரத்துற வயசா எனக்கு? முட்டி வலி."

தெருவெல்லாம் கொடி. லெ. ஜன்னலுக்கு ஒரு கொடி தைக்கிறாள். நட்சத்திரத்துக்கு எத்தனை முனை என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன். அடுத்த வீட்டில் பதினொன்றாம். ஒரு முனை கூட இருந்தால் நாடு என்ன குறைந்தா போகும்?

ஆகஸ்ட் 30, வெள்ளி

முடிந்தது. வலையைத் தூக்கி எறிந்தேன். வேலிக்குள் நான் ஒருவனே இறங்கினேன். கண்ணோடு கண் பார்த்தேன். கிழவன் புரிந்துகொண்டான். எடுத்தான் ஓட்டம். தோட்டத்தை மூன்று சுற்று, நான் பின்னாலேயே. கழுத்தைக் கட்டிப் பிடித்து மண்ணில் சாய்த்து, வாயைப் பிளந்து பல்லை எண்ணினேன். கீழ்வரிசை எட்டில் மூன்றுதான் பாக்கி, அதுவும் தேய்ந்து மொழுமொழு. பெரியவனேதான்.

பாய் வருவதற்குள் கட்டிப்போட்டுவிட்டேன். பார்த்துவிட்டு ஆச்சரியப்படுகிறார்.

"என்னண்ணே இது, கன்னுக்குட்டி மாதிரி நிக்குது. கயிறே வேண்டாம் போல. கையை நக்குது பாருங்க."

"என் பிடி அப்படி" என்றேன்.

சட்டையில் சேறு இல்லையே என்று லெ. கேட்டாள். துவைத்துக்கொண்டு வந்தேன் என்றேன்.

ஆகஸ்ட் 31, சனி

மெர்டேக்கா. ரேடியோவைச் சுற்றிக் கூட்டம், கூச்சல், கைகுலுக்கல். த. வீட்டில் தோட்டம் முழுக்க மேசை. சுவரில் மானிஸுடைய கொம்பு, எண்ணெய் போட்டு மினுமினு.

கறியை வாயில் வைத்தவன் எல்லாம் புகழ்கிறான். பஞ்சு மாதிரி இருக்கிறதாம்.

காதர் பாய் என் காதருகில் வந்து, "கிழடுன்னு சொன்னீங்க, ரெண்டாவது சட்டியை மூணு மணி நேரம் வேகவைக்கணும்னு கணக்குப் போட்டேன். ஒரு மணி நேரத்துல கரைஞ்சு போச்சே!"

"மசாலா" என்றேன்.

"மசாலா பல்லைத்தான் ஏமாத்தும் அண்ணே, அடுப்பை ஏமாத்தாது."

த. எழுந்து நின்று, "பல் பார்த்துத் தேர்ந்தெடுத்தது இவர்தான்" என்று என்னைக் காட்டினார். கைதட்டல். வாழ்க்கையில் இப்படி ஒரு கைதட்டலுக்கு எவ்வளவு நாள் காத்திருந்தேன். எரிச்சலாக இருந்தது.

சோறும் ரசமும் போதும் என்றேன். ஏன் என்றார்கள். பல்வலி.

செப்டம்பர் 2, திங்கள்

பாக் டின் வந்துவிட்டார். பேரன் பிறந்திருக்கிறான். எனக்கு வாழையிலையில் சுட்ட மீன், மூவாரிலிருந்து. கொடுத்துவிட்டு நேரே வேலிக்குப் போனார். இன்று நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

டின்னை எடுத்தார். டங் டங்.

பெண்மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டன. குச்சி அந்தப் பக்கம் ஓடினான். மொட்டைத் தலை ஒன்று தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. காதைக்கூட ஆட்டவில்லை.

மறுபடி தட்டினார். "இதற்கு அவன் ஒருத்தன்தான் வருவான். மற்றவைக்கு இது வெறும் சத்தம்."

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எல்லா மானும் வரும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"பயந்திருப்பான், பாக். பெரியவனை அறுத்ததைப் பார்த்துவிட்டான்."

"பல் பார்த்தாயாமே. தவுக்கே சொன்னார்."

"பார்த்தேன்."

வேலிக்குள் இறங்கி நடந்தார். அந்த மொட்டைத் தலைக்குப் பத்தடி முன்னால் நின்று மூஞ்சியைப் பார்த்தார். ரொம்ப நேரம். அது அவரைப் பார்த்துச் சீறியது. திரும்பி வந்தார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். டின்னை ஆணியில் மாட்டவில்லை. பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நல்ல வெயில். வேலியில் ஆணி மட்டும். பெரியவன் இன்று குச்சியை மூன்று தடவை பெண்மான் பக்கமிருந்து விரட்டினான். கொம்பே இல்லாமல் இவ்வளவு திமிர். குச்சி தலையெடுக்க இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். த. கொடுத்த கெடுவும் ஒரு வருஷம்தான். பாக் டின் வந்தார், புல் அறுத்துப் போட்டார், என்னோடு பேசவில்லை. மீன் அப்படியே இருக்கிறது. லெ. சாப்பிடச் சொல்கிறாள்.

30ஆம் தேதி எழுதியதில் ஒன்று. மூன்று சுற்று ஓடவில்லை. ஒரு சுற்றும் ஓடவில்லை. மணி பத்து தாண்டிவிட்டது, பாய் வருகிற நேரம், இரண்டும் கிட்டே வரவில்லை. ஆணியிலிருந்து டின்னை எடுத்துத் தட்டினேன். ஒருவன் நேராக வந்தான். கையை நீட்டினேன், விரலைச் சப்பினான். வாய் என் கைக்குள்ளேதான் இருந்தது. பல் பார்க்கவில்லை.