நிலாவுக்கும் அந்தப் பாட்டுக்கும் சம்பந்தமில்லை

நியூ ஆர்லியன்ஸ்,
1954 அக்டோபர், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி தெயோவுக்கு,

அக்கா ஓடீல் எழுதுவது. நீயும் சிகாகோக் குளிரும் இன்னும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகிறீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டு யூலாலி சொல்வாள். அவள் சொன்னால் என் எடை இன்னும் கூடிவிடும். போன வாரம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். பின்பக்கம் நமக்கென்று விட்ட அறையில் காத்திருந்தேன். ரேடியோ இருப்பது வெள்ளையர் அறையில். சுவரைத் தாண்டி வருவதுதான் நமக்கு. திடீரென்று உன் பாட்டு வந்தது. தெயோ, நான் எழுந்து ஆடிவிட்டேன். இத்தனை பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு, கைக்குட்டையைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு. நர்ஸ் கதவைத் திறந்தபோது அவளை வரவேற்றது என் முகமல்ல.

அந்த வெட்கம்கூடப் போய்விட்டது. போகாதது அடுத்து நடந்தது. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளன் குழைந்து குழைந்து பேசினான். ‘ஏரியில் நிலா’ என்ற இந்தப் பாட்டை ஹாரிஸ் வென்ட்லி என்பவர் ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் காதலியை நினைத்து எழுதினாராம். எழுதியபோது கண்ணீர் வந்ததாம். வந்திருக்கும், திருடும்போது சிலருக்கு வரும்.

நேரே லூதரிடம் போனேன். நம் ஜனங்களுக்காக ஞாயிறு தோறும் ரேடியோவில் நிகழ்ச்சி நடத்துகிறானே, அந்த ஒல்லிப் பையன். அவன் பிறப்பதற்கு முன் நடந்ததென்பதால் ஆதியிலிருந்து ஒப்பித்தேன். சரியாகச் சொன்னேனா என்று நீயே பார்.

அப்பாவின் சவ ஊர்வலம். ஆகஸ்ட் மாத வெயில், தார் உருகுகிறது. நிலா அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கல்லறை வரை வாத்தியம் அழவேண்டும், அதற்காக மேளத்தின் அடிக்கம்பியில் கைக்குட்டை செருகி அதை ஊமையாக்கியிருந்தார்கள். உடலை அனுப்பிவிட்ட பிறகுதான் கைக்குட்டையை உருவுவார்கள். மேளம் சடசடவென்று வாய்திறக்கும், பின்னால் வரும் கூட்டம் குடையை விரித்து ஆடும். காலங்காலமாக இதுதான் முறை. அன்றைக்குக் கல்லறை வாசல்கூட வரவில்லை, மேளக்காரன் பிளாசிடுக்குத் தும்மல் வந்தது. கைக்கு அகப்பட்ட துணியை உருவி மூக்கைத் துடைத்தான். அது அந்தக் கைக்குட்டை. மேளம் வாய்திறந்துவிட்டது. கூட்டத்துக்கு அது போதாதா? சவப்பெட்டி முன்னால் போய்க்கொண்டிருக்க, பின்னால் குடைகள் விரிந்துவிட்டன. கார்னெட் ஊதுகிறவரும் பழக்க தோஷத்தில் ஆட்ட மெட்டை எடுத்துவிட்டார்.

நீ மட்டும் நிறுத்தவில்லை. உன் டிராம்போன் குழலில் அந்த அழுகைப் பாட்டையே, அதே நடையில், கீழே இழுத்துக்கொண்டே போனாய். மேலே ஆட்டம், கீழே அழுகை. இரண்டும் கைகோத்துக்கொண்டு தெருவில் நடந்தன. எல்லோரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா நின்றாள். பாதி முகம் மழித்துவிட்டு ‘அடுத்தவர் வாங்க’ என்று கூப்பிட்ட நாவிதனோடு குடும்பம் நடத்தியவள் அல்லவா. “உங்கப்பாவுக்கு என்னிக்குடா பொறுமை இருந்துச்சு? அவரே ஆரம்பிச்சுட்டாரு. நீங்க வாசிங்க,” என்றாள்.

பாட்டு பிறந்தது அங்கே. ‘பிளாசிடின் கைக்குட்டை’ என்றுதான் நம் தெருவுக்கு அது தெரியும்.

இப்போது அது எங்கேதான் இல்லை? கல்யாணத்தில் வாசிக்கிறார்கள், சோப்பு விளம்பரத்தில் வருகிறது, ஐஸ்கிரீம் வண்டி அதைப் பாடிக்கொண்டே என் வாசலில் நிற்கிறது. கப்பலில் வேலைபார்க்கும் யூலாலியின் மருமகன் ஜப்பானில் ஒரு பாரில் அதற்கு ஆடினானாம். ஆடட்டும், எனக்குச் சந்தோஷம். ஆனால் எல்லோரும் மேல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கீழே நீ இழுத்த அழுகையை ஒருவரும் தொடவில்லை. சோளக்கொல்லைப் பொம்மைக்குச் சட்டை போட்ட மாதிரி சட்டை மட்டும் ஆடுகிறது, உள்ளே ஆள் இல்லை. பெயரைத் திருடியதைவிட இதுதான் என் வயிற்றை எரிக்கிறது.

லூதர் எல்லாம் கேட்டுவிட்டு, “அத்தை, நீங்க சொன்னா அது கதை. அவரு வந்து கீழ்ப்பாதிய வாசிச்சாதான் சாட்சி,” என்றான். வருகிற ஞாயிறு கால்மணி நேரம் உனக்கு ஒதுக்குகிறானாம். பிளாசிடும் வருகிறான். தன் மூக்கு இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்று ரேடியோவில் சொல்லவேண்டுமாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீ என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். போன தடவை எழுதினாயே, “பாட்டுக்குப் பட்டாவா இருக்கு, விடுக்கா” என்று. விடமாட்டேன். தபால் மூட்டை தூக்கித் தூக்கி உன் முதுகு வளைந்ததற்காக வாயும் வளைய வேண்டுமா? கட்டிலுக்கு அடியில் டிராம்போனைத் தூங்கவைத்துவிட்டு அடுத்தவன் நிலாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறாயே, வென்ட்லி மேல் பாதிக் கோபம் என்றால் மீதி உன் மேல்.

லூதர் நல்ல பையன். இந்த ஞாயிறு முடியாவிட்டால் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றான். நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன். கிறிஸ்துமஸ் எனக்கு ஒத்துவராது.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. டாக்டர் மாடிப்படி ஏறவேண்டாம் என்றதால் தையல் மிஷினைக் கீழே இறக்கியாயிற்று. பிளாசிடுக்குப் புதுக் கைக்குட்டை ஒன்று தைத்துக் கொடுத்தேன், கருப்புக் கரை வைத்து. அதை மடித்து நெஞ்சுப்பையில் வைத்துக்கொண்டான். இந்தத் தடவை தும்மக்கூடாது என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

வா, தம்பி. டிராம்போனை மறக்காமல் எடுத்து வா. மேல்பாதி வாசிக்க இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஆள் இருக்கிறது. கீழ்ப்பாதிக்கு எனக்கு நீ ஒருவன்தான். உன் மூச்சு நீளமாக இருக்கட்டும் என்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அக்கா ஓடீல்

பி.கு.: தபாலில் சேர்க்க யூலாலியிடம் கொடுத்தேன். படித்துவிட்டாள், அவள் குணம் உனக்குத் தெரியும். வாய் முழுக்கக் கட்டின பல்லை வைத்துக்கொண்டு எந்தப் பல் டாக்டரிடம் போனாய் என்று கேட்கிறாள்.