மெழுகுவர்த்தி ஏற்றிய குழி

பூண்டுலோயா
06.11.2024

அன்பு மகள் கேத்ரினுக்கு அம்மா எழுதுவது,

நல்ல சுகமா? ஜோர்தானில் குளிர் தொடங்கியிருக்கும், ஸ்வெட்டர் போட்டுக்கொள். கல்லறைத் திருநாளுக்கு அப்பா குழியில் மெழுகுவர்த்தி ஏற்றி, பக்கத்துக் காம்பிரா வீட்டு லோஜினியின் போனில் படம் அனுப்பினேனே, கிடைத்ததா? மழையில் சரியாக விழவில்லை. பெரிதாக்கிப் பார்க்காதே.

அம்மா
அந்தோனியம்மா

ஜோர்தான்
08.12.2024

என் அம்மாவுக்கு,

படம் கிடைத்தது. கடையில் அடித்துக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். ஃபாக்டரி விட்டு வந்ததும் அதைப் பார்த்துத்தான் செபம் சொல்கிறேன். அப்பா வெறும் மண்மேடாகக் கிடக்கிறாரே. ஈஸ்டருக்கு லீவு கிடைத்திருக்கிறது. பேர் வெட்டிய கல் வைப்போம், கல் கொத்துகிற மத்தியாஸ் மாமாவிடம் இப்பவே சொல்லிவையுங்கள். செத்த வீட்டுக்கு வராத பாவம் அப்படியாவது தீரட்டும்.

கேத்ரின்

பூண்டுலோயா
03.01.2025

கேத்ரின் மகளே,

போனில் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் குழி அப்பாவுடையது இல்லை. யாரோ ஒருவருடைய பழைய குழி.

அப்பா கிடந்த ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் தினமும் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். "நாலாம் வகுப்போட நின்னவங்கிட்ட பாடம் கேக்க வந்திருக்குதுக பாரு" என்று சிரிப்பார். செத்தால் உடம்பை அவர்களுக்கே படிக்கக் கொடு என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். நீ போனில் அழுது, "அப்பாவ நம்ம மண்ணுலயே வைங்கம்மா" என்றாய். அவருக்கும் சரி சொன்னேன், உனக்கும் சரி சொன்னேன். கடைசியில் அவர் சொன்னபடி உடம்பை ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டேன்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். பழைய கட்டடம், சுவரெல்லாம் வெள்ளைக்கார டாக்டர்மார் பேர். உன் தாத்தா அங்கே செத்தபோது அவர் பேரை விட்டு, தோட்டத்துப் பேரும் கூலிப் பதிவு செக்ரோல் நம்பரும்தான் எழுதினார்களாம். இப்போது வெளியே மரத்தடியில் ஒரு கல் வைத்து, உடம்பு கொடுத்தவர்கள் பேரை வெட்டியிருக்கிறார்கள். அப்பா பேர் தமிழிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு பேராகக் கூப்பிட, வீட்டு ஆட்கள் எழுந்து பூ வைக்க வேண்டும். "செபமாலை" என்று அப்பா பேரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. பிள்ளையிடம் பொய் சொன்னவள் எந்த முகத்தோடு எழுவது? ஒரு சிங்களப் பிள்ளை வந்து அவருக்குப் பூ வைத்தது. அப்பா கட்டிலடியில் நின்று படித்த பிள்ளை.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசு மகளே. வராமல் மட்டும் இருந்துவிடாதே.

அம்மா

ஜோர்தான்
02.02.2025

அம்மா,

படத்தைக் கிழிக்கப் போனேன். இத்தனை நாள் செபம் சொன்ன குழி, கை வரவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை.

மத்தியாஸ் மாமாவிடம் கல் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏப்ரல் 17 இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன். நீங்கள் பூ வாங்கிக்கொண்டு அந்த மரத்தடிக்கு வந்துவிடுங்கள். அப்பா பேரை நான் கூப்பிடுகிறேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டும்.

கேத்ரின்