ஒரு வார்த்தைக்காக ஒளித்து வைத்த கைத்தடி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், ஆபரேஷன் செய்த இடுப்பும் சுகம். அங்கே நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் நம்ப முடியவில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ ஒன்பது அறிவுரை சொல்லிவிடுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது, அதனால்தான். போன மாதம் நீ வைத்த பந்தயம் நினைவிருக்கிறதா? வீட்டுக்கு வந்து எனக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிப் பெண் தன் வாயால் அம்மா இண்டிபென்டன்ட் என்று சொல்லட்டும், நான் வாயே திறக்க மாட்டேன், சொல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்துவிட வேண்டும் என்றாய். நானும் வீராப்பாகச் சரி என்றுவிட்டேன். ஆனால் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. பஸ்ஸில் கண்டக்டராகக் காலம் தள்ளியவளுக்கு ரைட், ஹோல்டான் இரண்டும் போதுமாக இருந்தன.

கீழ்வீட்டுத் தையல்காரரிடம் கேட்டேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அதுக்கு சுயேச்சைன்னு அர்த்தம், எலெக்‌ஷன்ல கட்சி இல்லாம நிப்பாங்களே அவங்க, என்றார். நிக்கறதுக்கே தகராறா இருக்கு, எலெக்‌ஷன்ல வேற நிக்கணுமா என்றேன். அவர் மனைவிதான் உள்ளேயிருந்து, எந்தத் துணையும் இல்லாம இருக்கறது அக்கா, என்று சொன்னாள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எந்தத் துணையும் என்றால் கைத்தடியும் துணைதானே? அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். குளியலறைச் சுவரில் நீ பொருத்திவிட்டுப் போன கைப்பிடிக் கம்பியில் துண்டைப் போட்டு மூடினேன். தண்ணீர் கேன் தூக்கிவர வந்த தையல்காரரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன், அவர் வருத்தப்பட்டுக்கொண்டே போனார். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவள், சொந்தக் கூடத்தில் தடி ஊன்றி நடப்பதா என்கிற வீம்பும் கூடச் சேர்ந்துகொண்டது.

அந்தப் பெண் சோதித்துப் பார்க்க வந்த அன்று கூடத்திலிருந்து சமையலறைக்கு வெறுங்கையோடு நடந்து காட்டினேன். அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீர் போட்டு, டம்ளரில் ஊற்றித் தளும்பாமல் கொண்டுவந்து நீட்டினேன். கைதட்டுவாள் என்று பார்த்தால், தடி எங்கம்மா என்று கேட்டாள். கட்டிலுக்கு அடியில் என்றேன், பெருமையாக. அவள் முகம் மாறிவிட்டது. இன்னிக்கு அந்த வார்த்தையை நான் சொல்ல முடியாதும்மா, உங்க பையன் கேட்டாலும் இன்னும் இல்லைன்னுதான் சொல்லுவேன் என்றாள். பயந்துபோனேன்டா, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். ஜன்னலுக்குக் கீழேதான் பஸ் வந்து நிற்கிறது, புதிதாகச் சேர்ந்த கண்டக்டர் பிள்ளைகள்கூட என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு விசில் கொடுக்கிறார்கள். இந்தத் தெருவில் நான் யார் என்று எல்லோருக்கும் தெரியும். உன் ஊரில் நான் உன் அம்மா மட்டும். இது கையை விட்டுப் போகப் போகிறதே என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்க வேலையில இந்த வார்த்தை தனியா வராதும்மா, எதுல இண்டிபென்டன்ட்னு சேர்த்துச் சொல்லணும், குளிக்கறதுலயா, படி ஏறுறதுலயா, கட்டில்லேருந்து எழுந்திருக்கறதுலயா என்றாள். தடி ஊன்றிக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் இல்லாமல் பத்திரமாகச் செய்தால் அதுவும் இண்டிபென்டன்ட்தானாம். விழுகிற மாதிரி கையை வீசி நடந்தால் கிடையாதாம். தனக்கு என்ன வேணும்னு வாயைத் திறந்து கேக்கறவங்களைப் பத்தி எங்களுக்குக் கவலை இல்ல, கேக்காம மென்னு முழுங்கறவங்களைத்தான் நினைச்சா பயம் என்றும் சொன்னாள். அவள் போனதும் முதல் வேலையாகத் தையல்காரரைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேன் தூக்கிவரச் சொன்னேன். மனிதருக்கு வாயெல்லாம் பல்.

அதற்குப் பிறகு வார்த்தை எனக்குப் பழகிவிட்டது, பார்க்கிறவர்களுக்கெல்லாம் சூட்டிப் பார்க்கிறேன். தையல்காரர் வெட்டுவதில் இண்டிபென்டன்ட், ஊசியில் நூல் கோக்க மனைவி வேண்டும். மருமகள் எல்லாவற்றிலும். நீ சம்பாதிப்பதில் மட்டும், அலமாரியில் சட்டை தேடுவதில் கிடையவே கிடையாது. நேற்று அந்தப் பெண் மறுபடி வந்தாள். குளித்து வந்தேன், சமைத்தேன், தடியோடு இரண்டு மாடியும் இறங்கி ஏறினேன், மூச்சு வாங்கிய இடத்தில் நின்றுதான் ஏறினேன். குளிக்கறதுல, சமையல்ல, படியில, தடியோட இண்டிபென்டன்ட். பளு தூக்க மட்டும் ஆள் வேணும் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். உனக்கும் போன் செய்வாள், அவளையாவது முழுதாகப் பேச விடு. வீட்டைக் காலி செய்கிற பேச்சு இத்தோடு முடிந்தது.

இனி என் கேள்வி. நீ போனதிலிருந்து வா என்று உன்னிடம் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. வேலை இருக்கும், லீவு கிடைக்காது என்று உன் பதிலையும் நானே சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இப்போது வாயைத் திறந்து கேட்கிறேன். ஒரு நடை வந்துவிட்டுப் போடா. இங்கே உனக்கு ஒரு வேலையும் இல்லை, எல்லாம் நடக்கிறது. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நீயும் மருமகளும் நோய் நொடி இல்லாமல், மனம் ஒத்து நீண்ட காலம் நன்றாக இருங்கள். ஒன்று மறந்துவிடாதே, திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வா. நான் உன்னை இருக்கச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா